திங்கட்கிழமைத் தண்ணீர்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டது. என் பையில் நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன. பழங்கள் குமட்டலுக்கு. நோட்டு எங்கள் அன்பியத்துக்கு. தஞ்சாவூரில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த முப்பது குடும்பங்கள் மாதம் இருமுறை கூடி ஜெபிப்பதற்கு அன்பியம் என்று பெயர். இந்தத் தவக்காலத்தில் அங்கே பேச என் தலையில் ஒரு தலைப்பைக் கட்டியிருந்தார்கள். மோசேயின் சட்டம் முழுவதும் இரண்டே கட்டளைகளில் அடங்கிவிடுகிறது என்று இயேசு சொன்னாரல்லவா, அவற்றில் இரண்டாவது: தன்னை நேசிப்பதுபோல் அடுத்திருப்பவரையும் நேசிப்பது. முதலாவதான இறையன்பை லூர்து டீச்சர் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார். அது சுலபம். கடவுள் நம் வாசலை மறித்து ஸ்கூட்டர் நிறுத்துவதில்லை.

நான் நீதிமன்றத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சட்டம் என்ற சொல்லைக் கேட்டால் இன்னமும் விரல் துறுதுறுக்கும். போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இந்தக் கட்டளையைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். முதலில் மாட்டியவர் பக்கத்து இருக்கையில் இருந்த புடவை வியாபாரி. "அடுத்திருப்பவர்னா உங்க கணக்குல யாருங்க?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு நீங்கதாம்மா. கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக் குமட்டுங்க" என்றார்.

நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கடல் என்னை உலுக்கியது. காங்கேசன்துறையில் குடிவரவு முத்திரை, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரப் பிற்பகல் ஒன்றரை ஆகிவிட்டது. அங்கிருந்து உரும்பிராய் சுமார் பதினான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இலங்கைப் பணத்தில் ஆயிரத்து எண்ணூறு. தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் தாண்டி மருதனார்மடம் சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் மண் சிவந்தது. இருபுறமும் வெங்காயம், புகையிலை, வாழை. ஓட்டுநர் முப்பது வயதுக்காரர். அவரிடமும் கேட்டேன்.

"அயலட்டையோ?" என்றார். அக்கம்பக்கத்தாரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "எங்கடை வலப்பக்க வீட்டுக்காரர் கனடாவிலை. இடப்பக்கம் பிரான்சிலை. இரண்டு வீடும் பூட்டு. சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை, அன்ரி."

என்னை அழைத்திருந்தவர்கள் மரியதாஸும் அவர் மனைவி றெஜினாவும். சென்ற ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாவில் அறை கிடைக்காமல் பெட்டியோடு நின்ற இவர்களுக்கு எங்கள் அறையில் பாதியைக் கொடுத்தோம். அந்தப் பழக்கம்தான். மரியதாஸ் ஐம்பத்தைந்து வயது விவசாயி, பேச்சைச் செலவழிக்காதவர். றெஜினா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். போய் இறங்கியதும் புட்டும் மீன் சொதியும் வைத்தார்கள். கடல் காலிசெய்த வயிற்றுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த விசித்திரத்தைக் கண்டேன். பக்கத்து வீட்டு வளவுக்கும் இவர்களுடையதற்கும் நடுவே நெஞ்சுயரத்துக்கு ஒரு மதில், மேற்பூச்சில்லாமல் பாதியில் நின்றிருந்தது. றெஜினா அதன் ஓரமாகக் கட்டியிருந்த ஆட்டுக்குக் தழை போட்டபடி, தேவைக்கு அதிகமான சத்தத்தில் ஆட்டிடம் சொன்னார்: "காலமை ஆசுப்பத்திரிக்குப் போனதுகள் சாப்பிட்டுதுகளோ தெரியாது."

சற்று நேரம் கழித்து மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் கோழியை விரட்டியது. "சூ, போ அங்காலை. சோறு கிடக்குத்தானே. காலுக்குக் கம்பி வைச்சாச்சாம், இன்னும் பத்து நாள் அங்கை மறிச்சு வைச்சிருப்பாங்களாம்."

"பத்து நாளோ" என்று றெஜினா ஆட்டைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் இவர்கள் விளையாடவில்லை. கதை பேச்சு இல்லாத இரண்டு வீட்டார் அவசரத்துக்கு இப்படித்தான் ஆட்டிடமும் கோழியிடமும் சாடையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக இது நடக்கிறது. மதிலுக்கு அப்பால் இருப்பவர் இந்திராணி. அவர் கணவர் சிவபாலன் ஐந்து நாட்களுக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். அவரும் மரியதாஸும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மரியதாஸோடு தோட்டத்துக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் இருநூறு அடி நடந்தால் போதும். நடுவில் ஒரு பெரிய கிணறு. இந்தப் பக்கம் மரியதாஸின் கோவா; நாம் முட்டைக்கோஸ் என்பது இங்கே கோவா. அந்தப் பக்கம் சிவபாலனின் சின்ன வெங்காயம். இடையே வரம்பை ஒட்டி ஒரு பொது வாய்க்கால். கிணற்றில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. காணி உறுதிப் பத்திரத்திலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கிறதாம்.

வெங்காயத் தாள்களின் நுனி மஞ்சளாகி மடிந்திருந்தது. எனக்கே அது நல்லதாகப் படவில்லை.

"தண்ணி கண்டு ஏழு நாள்" என்றார் மரியதாஸ். "வெங்காயம் பருக்கிற நேரம். திங்களுக்குள்ளை இறைக்காட்டி உது முடிஞ்சுது. இந்திராணிக்கு மெசின் கயிறு இழுத்து இறைக்கத் தெரியாது. கூலிக்கு ஆளும் இல்லை, எல்லாருக்கும் இப்ப வேலை."

"நீங்க இறைச்சு விடக் கூடாதா தம்பி?"

அவர் வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நீதிமன்றக் கட்டளை. பழைய வேலி இருந்த இடத்தில் மரியதாஸ் மதில் கட்டத் தொடங்க, ஒன்றரை அடி தன் காணிக்குள் வந்துவிட்டதென்று சிவபாலன் வழக்குப் போட்டிருக்கிறார். வழக்கு முடியும்வரை எந்தத் தரப்பாரும், அவரது குடும்பத்தாரும், வேலையாட்களும், முகவர்களும் மற்றவர் காணிக்குள் கால் வைக்கக் கூடாது. கிணற்றில் திங்கள், புதன், வெள்ளி மரியதாஸின் முறை. செவ்வாய், வியாழன், சனி சிவபாலனின் முறை. ஒருவர் முறையில் மற்றவர் இறைக்கக் கூடாது. ஞாயிறு யாருக்கும் இல்லை. எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நாடு வேறானாலும் கட்டளையின் முகம் ஒன்றுதான். நானே தட்டியதைப் போல இருந்தது.

"இண்டைக்குச் சனி, அவன்ரை முறை. நான் மெசினைத் தொட்டால் பிழை. உள்ளை போனாலும் பிழை. ஒரு பிழை விட்டாலும் வழக்குப் போச்சு, மதிலை இடிக்கவேண்டி வரும் எண்டு எங்கடை லோயர் சொல்லிப்போட்டார்." வரம்பைப் பார்த்தபடி சொன்னார்: "நாலு வரியமாய் நான் ஒரு பிழையும் விடேல்லை, அக்கா. ஒரு பிழையும்."

அதில் பெருமையும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அன்று பகல் முழுவதும் அந்தப் பேச்சு எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று இயேசுவிடம் கேட்டவன் ஒரு சட்ட அறிஞன். எங்கள் துறைக்காரன்தான். அவன் கேட்டது உண்மையில் எல்லைக் கேள்வி. எதுவரைக்கும் நேசித்தால் போதும், எந்தக் கல்லோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அளந்து சொல்லச் சொல்கிறான். இயேசு அளக்கவில்லை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனை நின்று கவனித்த ஓர் அந்நியனின் கதையைச் சொல்லி அனுப்பிவிட்டார். நோட்டில் இதை எழுதி அடிக்கோடு போட்டு, பிரமாதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எழுதி முடித்தபோது ஜன்னல் வழியே வெங்காயத் தோட்டம் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணித் திருப்பலிக்கு மூவரும் போனோம். மரியதாஸ் மன்றாட்டுகளுக்குப் பதில் சொல்ல இரண்டு முறை மறந்தார். திரும்பி வரும்போது, ஒழுங்கை என்று இங்கே சொல்கிற சந்தில் சட்டென்று நின்றார்.

"அக்கா, என்ரை முறையிலை நான் இறைக்கிற தண்ணியை எங்கை விடவேணும் எண்டு அந்த நீதிமன்ற ஓடரிலை எழுதியிருக்கோ?"

வீட்டுக்கு வந்து மூன்று முறை படித்தேன். எழுதியிருக்கவில்லை. யார் எந்த நாளில் இறைக்கலாம் என்று இருந்தது. இறைத்த தண்ணீர் யார் பயிருக்குப் போக வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. ஒருவன் தன் முறைத் தண்ணீரைக் எதிராளி தோட்டத்துக்கு விடுவான் என்று எந்த நீதிபதி நினைப்பார்?

"அப்ப கோவா?" என்றார் றெஜினா.

"புதன்வரை தாங்கும்" என்றார் மரியதாஸ். தாங்கும் என்பதை அவர் முகம் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வாய்க்காலில் தண்ணீரை விட்டால் மட்டும் போதாது. அந்தப் பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். இதைத் தண்ணி மாறுதல் என்கிறார்கள். மரியதாஸ் போக முடியாது. றெஜினா குடும்பத்தார் என்ற சொல்லுக்குள் வருகிறார். இந்திராணியிடம் கேட்கலாம் என்றால் அவர் ஞாயிறு பகலே ஆஸ்பத்திரிக்குப் போய், இரவும் அங்கேயே தங்கிவிட்டார். றெஜினா ஆட்டிடம் இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தார். மதிலுக்கு அப்பால் கோழி மட்டும்தான் இருந்தது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் குடும்பத்தாள் இல்லை. வேலையாளும் இல்லை. முகவரா என்றுதான் யோசித்தேன். "தம்பி, நீங்க சொல்லி நான் செஞ்சா நான் உங்க முகவர். நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. நானாப் போனாத்தான் சரி" என்றேன். உரிமையாளர் அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் இறங்குவதற்கு வேறொரு சட்டம் இருக்கிறது. அதை நான் அப்போது வாய் திறந்து சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு மரியதாஸின் மெசின் இரைந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு வரம்பைத் தாண்டி இறங்கினேன். வாய்க்காலில் தண்ணீர் என்னை நோக்கி ஓடி வந்தது. முப்பத்தெட்டுப் பாத்திகள். முதல் பாத்தியின் வாயை வெட்டித் திறந்தேன், நன்றாகவே ஓடியது. எவ்வளவு நிறைந்தால் அடைப்பது என்று தெரியாமல் திரும்பினேன். மரியதாஸ் தன் பக்கத்து வரம்பில் நின்றிருந்தார். கையில் கயிறு, கயிற்றின் நுனியில் ஆடு. வீட்டிலிருந்து கையோடு கூட்டி வந்திருக்கிறார்.

"போதும், இனி அடைக்கலாம்" என்றார் ஆட்டிடம்.

அடைத்தேன். அடுத்ததைத் திறந்தேன்.

"அவ்வளவு ஆழமாய் வெட்டக்கூடாது. வெங்காயம் கிளம்பிப்போகும்." ஆடு வாய்க்கால் ஓரத்துப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. "மண்ணைக் காலாலை மிதிச்சு இறுக்கவேணும். இல்லை, உந்தக் காலாலை இல்லை."

றெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாவது பாத்தியில் வரம்பு உடைந்து தண்ணீர் இரண்டு பாத்திக்கும் சேர்ந்து பாய்ந்தது. ஆட்டுக்கு நல்ல வசவு கிடைத்தது. என் உள்ளங்கை கொப்புளித்து, இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. நேசம் என்பதை உணர்ச்சி என்று நினைத்துப் பேச்சுத் தயாரித்திருந்தேன். அன்று காலை அது பெரும்பாலும் முதுகுவலியாக இருந்தது.

இருபத்தாறாவது பாத்தியில் நிற்கும்போது மெசின் இரைச்சலுக்கு மேலாக ஒரு குரல் கேட்டது. "ஆர் அது?"

இந்திராணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோலத்திலேயே, பையைத் தோளில் மாட்டியபடி தோட்டத்து முனையில் நின்றார். நான் வாய் திறப்பதற்குள் கைபேசியை எடுத்து என்னைப் படம் பிடித்தார். மண்வெட்டியையும் படம் பிடித்தார். பிறகு திரும்பி, மெசினையும் மரியதாஸையும் ஆட்டையும் சேர்த்துப் பிடித்தார். மரியதாஸின் நான்கு ஆண்டுக் காலப் பிழையின்மை அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்விட்டது.

"நான் தஞ்சாவூர்ங்க. இவங்க வீட்டுக்கு விருந்தாளி. அவங்க யாரும் என்னை அனுப்பலை" என்றேன். அது அரை உண்மைதான். "பயிர் வாடுதேன்னு நானா இறங்கிட்டேன்."

அவர் நனைந்த பாத்திகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இண்டைக்குத் திங்கள். உது அவையின்ரை தண்ணியெல்லோ?"

"ஆமாம்மா."

"அப்ப அவையின்ரை கோவாவுக்கு?"

"இன்னைக்கு இல்லை."

இந்திராணி பையை வரம்பில் வைத்துவிட்டு என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். "தள்ளி நில்லுங்கோ, பாத்தி உடையுது" என்றார். மீதிப் பன்னிரண்டு பாத்திகளையும் அவரே மாறினார். மரியதாஸ் இப்போது ஆட்டிடமும் பேசவில்லை. கடைசிப் பாத்தி நிறைந்ததும் மெசினை நிறுத்தினார். இந்திராணி மண்வெட்டியைக் கழுவி வரம்பின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்தப் பிற்பகல் நீண்டது. மரியதாஸ் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இந்திராணி மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனதை நாங்கள் மூவரும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். வழியில்தான் அவர்களுடைய வழக்கறிஞரின் வீடு இருக்கிறதாம். என்னால் ஒரு மனிதனின் மதில் இடியப்போகிறது என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"பிழைதான் விட்டிட்டன் போலை" என்றார் மரியதாஸ்.

"விட்டது நல்லது" என்றார் றெஜினா. "நாலு வரியம் பிழை விடாமல் இருந்து என்னத்தைக் கண்டனாங்கள்?"

செவ்வாய்க்கிழமை எனக்குத் திரும்பும் கப்பல். பத்து மணிக்கு ஆட்டோ சொல்லியிருந்தோம். காங்கேசன்துறைவரை மரியதாஸும் வருவதாக ஏற்பாடு. எட்டரைக்கு நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஒழுங்கையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"மரியதாஸ் அண்ணை."

றெஜினா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். வேலி வாசல் கதவான படலைக்கு வெளியே, கட்டளைப்படி உள்ளே கால் வைக்காமல், இந்திராணி நின்றிருந்தார். மரியதாஸ் படலைவரை போனார். நானும் பின்னாலேயே போனேன். பார்க்காமல் இருக்க முடியுமா?

"படத்தை ஆசுப்பத்திரியிலை இவருக்குக் காட்டினனான்" என்றார் இந்திராணி. அவரும் மரியதாஸின் முகத்தைப் பார்க்கவில்லை, படலையைத்தான் பார்த்தார். "ஆர் உது, இவ்வளவு மோசமாய்த் தண்ணி மாறுறது எண்டு கேட்டார். பிறகு, என்ன கிழமை எண்டு கேட்டார். திங்கள் எண்டன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்."

மரியதாஸ் படலையின் கொண்டியைப் பிடித்தார்.

"இண்டைக்கு எங்கடை முறை. எனக்கு மெசின் இழுக்கத் தெரியாது. இவர் உங்களை வந்து இழுக்கச் சொன்னவர். முதல் கோவாவுக்கு விடட்டாம். அதுக்குப் பிறகுதான் வெங்காயத்துக்காம்." பக்கத்துப் படலையைக் காட்டிச் சொன்னார்: "எங்கடை மெசின் உள்ளை கொட்டிலிலை கிடக்கு. வந்துதான் எடுக்கவேணும், அண்ணை."

மரியதாஸ் என்னிடம் திரும்பினார்.

"அக்கா, ஓடர்?"

"நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி" என்றேன்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். படலையைத் திறந்து ஒழுங்கைக்கு வந்தார். அடுத்த படலைக்கு எட்டு அடிகூட இருக்காது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். றெஜினா அழுதார். மறைக்காமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சற்று நேரத்தில் பின்னாலிருந்து மெசின் இரையும் சத்தம் கேட்டது. ஆட்டோ வந்தபோதும் அது நிற்கவில்லை. காங்கேசன்துறைக்கு நான் தனியாகத்தான் போனேன்.

பிற்பகல் ஒன்றரைக்குக் கப்பல் எடுத்தது. கடல் அமைதியாக இருந்ததால் நோட்டை விரித்து, பேச்சுக்கு எழுதி வைத்திருந்த ஆறு பக்கத்தையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். முப்பத்தோரு ஆண்டுகளில் நான் தட்டிய கட்டளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நுழையாதே, தொடாதே, வெட்டாதே, மறிக்காதே. எல்லாவற்றையும் வீட்டுக்குள் படுத்துக்கொண்டே ஒருவன் முழுமையாகக் கடைப்பிடித்துவிடலாம். மரியதாஸ் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் கடைப்பிடித்தார். இந்த ஒரு கட்டளையை மட்டும் எழுந்து போகாமல் கடைப்பிடிக்க முடியாது. மற்ற சட்டமெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது என்று இயேசு சொன்னதன் பொருள் இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஃபாதரிடம் கேட்க வேண்டும்.

தஞ்சாவூரில் நாங்கள் இருப்பது அடுக்குமாடியில், இரண்டாம் தளம். எங்கள் கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு கதவு. அங்கே ஒருவர் தனியாகக் குடியிருக்கிறார், வயதானவர். மூன்று ஆண்டுகளாகிறது. சண்டை ஒன்றும் கிடையாது. அவருக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை. பெயர் என்ன என்று கேட்டதும் இல்லை.